இடம் காட்டாத கைப்பேசி

என் கணவர் தன் பழைய கைப்பேசிக்குப் புது உயிர் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்த நாளில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தேயிலை ஆலையில் வயர்மேனாக இருந்த மனிதர். கையில் கிடைத்த எதையும் கழற்றாமல் விடமாட்டார். தயாரித்த கம்பெனி அந்தக் கைப்பேசியைக் கைகழுவிவிட்டதாம். அதனால் ஊரில் உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுக்கும் திறந்த மூல இயங்குதளம் ஒன்றைக் கணினியில் இறக்கி, கம்பியைச் செருகி, கைப்பேசிக்குள் ஏற்றினார். திரை கறுத்துப்போய்க் கிடந்தது. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, வெளிச்சம் வந்துவிட்டது. எழுத்தெல்லாம் தமிழில் இருந்தது.

"இதுக்கு முதலாளி கிடையாது புள்ள. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஆனா நம்மள எவனும் பாக்க முடியாது" என்றார்.

அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவர் சிறுவயதில் பங்களா மேட்டிலிருந்து தோட்டத்துத் துரை தொலைநோக்கி வைத்துத் தொழிலாளர்களைப் பார்ப்பாராம். பிறகு ஆலைக்குள் கேமரா வந்தது, வாசலில் கட்டைவிரல் ரேகை வந்தது. "எந்நேரமும் எவனாச்சும் நம்ம முதுகப் பாத்துக்கிட்டே இருக்கான். இது ஒண்ணாச்சும் பாக்காம இருக்கட்டும்லா." இடம் காட்டும் வசதி எதையும் அவர் அதில் வைக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் மறதி நோய் வந்தது. வேலைச் சாமான்களின் பெயர்கள் போயின, சாப்பாட்டு ஜெபம் போனது, கடைசியில் நானும் போனேன். இப்போதெல்லாம் என்னைப் பார்த்து "வாங்கம்மா, உக்காருங்க" என்கிறார். கட்டின பெண்டாட்டி விருந்தாளியாகிவிட்டேன். ஆனாலும் ஆலையில் தூள் சலிக்கும் வேலைக்கு நான் போயாக வேண்டும். போனால்தான் தோட்டத்து லைன் வீடு எங்களுக்கு. பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவேன்.

அன்று மதியம் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, அவர் இல்லை. பனிமூட்டம் இறங்கியிருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் தேயிலைக்குள் ஓடினேன். கைப்பேசி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அழைத்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. ரிங்லெட் டவுனுக்கு ஓடிப் போலீஸிடம் சொன்னேன். கைப்பேசி தயாரித்த கம்பெனியின் கணக்கு வழியாக அது இருக்குமிடத்தைப் பார்க்கலாமே என்றார்கள். அவருடைய கைப்பேசியில் அப்படிக் கணக்கே கிடையாது. பாவி மனுஷா, ஜெயித்துவிட்டாயே, உன்னை யாருமே பார்க்க முடியவில்லையே என்று அங்கேயே நின்று அழுதேன்.

பொழுது சாயும் நேரத்தில் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு காய்கறித் தோட்டத்தில், பிளாஸ்டிக் கூரைக்கடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் கண்டுபிடித்தார். "மணி அடிச்சுதே, ஏன் எடுக்கல?" என்று கேட்டேன். "வேற யாரோடதோன்னு நெனச்சேன்" என்றார்.

தானா ராத்தா டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார் மறுநாளே வந்தாள். "அண்ணி, இதுலயும் இடம் காட்டுற ஆப் போடலாம். ஆனா இந்த சிஸ்டம் கேக்காம ஒண்ணும் செய்யாது. அண்ணன்தான் நம்பர் போட்டுத் திறந்து சரின்னு சொல்லணும்." என் பெயரைத் தொலைத்தவர் அந்த நம்பரைத் தொலைக்கவில்லை. டக்கென்று போட்டார். இருக்குமிடத்தைத் தெரிவிக்கலாமா என்று திரை கேட்டது. அவர் விரல் நேராக 'அனுமதிக்காதே' என்பதில் போய் விழுந்தது. நாத்தனார் மறுபடி கேட்க வைத்தாள். மறுபடியும் அதே.

"நீங்களே அமுக்குங்க அண்ணி. அண்ணனுக்குத் தெரியவா போகுது" என்று செட்டிங்குக்குள் போய் அதே கேள்வியைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

என்னால் முடியவில்லை. நினைவு நன்றாக இருந்த காலத்தில் அவரே ஆசைப்பட்டுச் செய்துகொண்டது அது. அதற்காக விட்டுவிட்டால் அடுத்த தடவை அணையிலோ ஆற்றிலோ தேட வேண்டியிருக்கும். எனக்கு அவர் மேல் கோபம், கைப்பேசி மேல் கோபம், ஆண்டவர் மேலும் கோபம். "நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாம நான் எப்படிங்க வேலைக்குப் போவேன்?" என்று கத்திவிட்டேன்.

அவர் பயந்துபோனார். பிறகு நாத்தனாருக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தார்.

"துரைகிட்ட சொல்லிடாதீங்கம்மா. எங்க வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லுங்க. பாவம், தேடுவா."

"சொல்லிடறேங்க" என்று சொல்லிவிட்டு, 'அனுமதி' என்பதை அழுத்தினேன்.