முடிவுக்குக் காத்திருந்த ஐந்து கிழமை

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டொக்டர் அதிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "எதுக்கும் மனதைத் தயார்படுத்தி வையுங்கோ" என்றார். முடிவு வர ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், ஆகும்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தர்மபுரத்தில் வயலும் ஒரு உழவு இயந்திரமும் வைத்திருந்தேன். விடியமுதல் போனால் இருட்டித்தான் வீடு. அந்த ஐந்து கிழமையும் நான் எங்கும் போகவில்லை. குசினியில் மனைவிக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருந்தேன்.

"புகை அடிக்குது, முன்னுக்குப் போய் இருங்கோவன்."

"பரவாயில்லை."

கத்தரிக்காய் வெட்டினால் அவளுக்குக் கை கடித்துச் சிவக்கும் என்பது பதினெட்டு வருடம் சாப்பிட்ட பிறகு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு நானே வெட்டினேன்.

புளியங்குளத்தில் இருக்கும் அண்ணனோடு ஒன்பது வருடமாகக் கதையில்லை. அம்மாவின் செத்தவீட்டில் வாய்த்தர்க்கப்பட்டிருந்தோம். பஸ் ஏறிப் போனேன். வாசல் படலையில் என்னைக் கண்டதும் அவர் அழுதுவிட்டார்.

"ஏன் வந்தனி எண்டு கேக்கமாட்டன். சாப்பிட்டிட்டுப் போ."

முடிவு வந்தது. சாதாரணக் கட்டி. ஆஸ்பத்திரி விறாந்தையில் மனைவி விம்மி அழுதாள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே நான் அறுவடையை யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அடுத்த நாள் விடியமுதல் உழவு இயந்திரத்தோடு வெளிக்கிட்டுவிட்டேன். அண்ணன் ஃபோன் எடுத்துக் கூப்பிட்டபோதெல்லாம், "வேலை முடியட்டும், வாறன் அண்ணை" என்றேன். நாளடைவில் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் மனைவி சொன்னாள்: "கோவிக்காதேங்கோ. அந்த அஞ்சு கிழமையும் நான் சந்தோசமா இருந்தனான். அதை நினைக்கவே பயமாக் கிடக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லாமல், "விசர்க்கதை கதையாதை" என்று அதட்டினேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

சாவு இருப்பதால்தான் வாழ்வுக்குப் பெறுமதி என்று செத்தவீடுகளில் ஆட்கள் கதைப்பார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. சண்டைக்காலத்தில் பதுங்குகுழிக்குள்ளும் நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் பிடித்துக்கொண்டு கிடந்தோம். வெளியே வந்ததும் மறந்துவிட்டோம். இன்றும் நான் சாகப்போகிறவன்தான். அண்ணனிடம் போக ஒரு பஸ் போதும். அதற்குச் சாவின் பயம் தேவைப்பட்டதுதான் என்னை இன்றுவரை வெட்கப்படுத்துகிறது.

போன மாதம் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவளுடைய முகம் வெளுத்தது. "ஏனப்பா, திரும்பவும் கட்டி ஏதும் வந்திட்டுதே?"

இல்லை என்று அவளை நம்பவைக்க எனக்குக் கனநேரம் பிடித்தது.