குளோரினும் என் ஈஸ்ட் தாங்கியும்

பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய கிழமையே, முதலீட்டாளர்கள் வெள்ளிக்கிழமை எங்கள் ஆலையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பேலியகொடையில் உள்ள சிறிய பயோடீசல் ஆலை அது. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளில் வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி டீசலாக்குகிறோம். டீசல் போகக் கறுத்த, கொழகொழத்த கிளிசரின் மிஞ்சும். வாங்க ஆளில்லை, வெளியே ஊற்றவும் விடமாட்டார்கள். ஆகவே மூடி போட்ட பெரிய தொட்டி போன்ற ஒரு தாங்கியில் ஈஸ்ட் வளர்த்து, அதற்குத் தின்னக் கொடுக்கிறோம். தின்று பெருகிய ஈஸ்ட்டைப் பிரித்துக் காயவைத்தால் கோழித் தீனிக்குப் புரதம் கிடைக்கும்.

அந்தத் தாங்கி என் பொறுப்பு. அது ஓடினால்தான் என் ஒப்பந்தம் நீடிக்கும். நீடித்தால்தான் மகளுக்கு டே கெயார்.

முகாமையாளர் கொட்டாஞ்சேனைக்காரர், சுத்தப் பிரியர். தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, கள்ளுத் தவறணை மாதிரி மணக்குது? வெள்ளிக்கிழமைக்குள்ள குளோரின் போட்டுக் கழுவுங்கோ."

குளோரின் பட்டால் ஈஸ்ட் செத்துவிடும், அது உயிருள்ளது என்றேன்.

"உயிருள்ளதெண்டா குளிக்கத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உற்பத்திப் பகுதி அன்ரன் அண்ணா வாளியோடு வந்தார். உள்ளேயும் கழுவுவதா, வெளியே மட்டுமா என்று முகாமையாளர் சேரிடம் கேட்டு வருவதாகச் சொன்னார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்க வேண்டாம் அண்ணா. வெளியில மட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் வீடு சேர்ந்த பிறகும் நிம்மதியில்லை. சேர் உள்ளேயும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை படம் வரைந்து விளக்கியிருக்கலாமோ? மகளின் பாற்போத்தலை இரண்டாம் முறையாக அவிக்கும்போது, நுண்ணுயிரைக் காப்பாற்றப் போய் வேலையை இழக்கப் போகிறேனோ என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை தாங்கி மினுங்கியது. ஆலை முழுக்க ஆஸ்பத்திரி மணம். வந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண்மணி, எந்த வகை ஈஸ்ட் என்று விசாரித்தார். முகாமையாளர் முந்திக்கொண்டார்.

"மேடம், எங்கட தாங்கியில ஒரு கிருமி இல்லை. குளோரின் போட்டுக் கழுவினது."

"அப்ப கிளிசரினை ஆர் தின்னுறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெளியிலதான் கழுவினது மேடம். உள்ள எல்லாரும் உயிரோட இருக்கினம்."

குழாயைத் திறந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். ஈஸ்ட்டுகள் மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணி பார்த்துத் தலையசைத்தார். அடுத்து முகாமையாளர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை.

"நான்தானே வெளியில மட்டும் எண்டு சொன்னனான்," என்றார்.

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. முகாமையாளரின் அறிவுறுத்தல்களைப் பிசகாமல் பின்பற்றுகிறவர் என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மேலதிகாரி தாங்கியைக் கழுவச் சொன்னால், உள்ளேயா வெளியேயா என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.