இரண்டு பேர் தூக்க வேண்டிய பிள்ளை

என் மகன் பிறந்தபோது அவனுடைய சிறுநீர்ப்பை வயிற்றுக்கு வெளியே திறந்து கிடந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்து அதை உள்ளே வைத்து மூடினார்கள். விலகியிருந்த இடுப்பெலும்பையும் முன்பக்கம் இழுத்துச் சேர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். சிறுநீர் வடிய ஒரு குழாயும் விட்டிருந்தார்கள். கால் விரிந்தால் எலும்பு விலகும். எலும்பு விலகினால் தையல் விட்டுப்போகும். பிறகு எல்லாம் முதலிலிருந்து.

"இடுப்புல மட்டும் வெச்சிடாதீங்க. தூக்கும்போதும் புரட்டும்போதும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தலையும் முதுகும், இன்னொருத்தர் கால்" என்றார் டாக்டர்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு பத்திரிகைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். உற்பத்தி லைன் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று ஒரகடத்தில் ஒரு மேலாளர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, எதுவும் அசையக் கூடாத வீட்டுக்குத் திரும்புவேன்.

பிள்ளையைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். கட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் எல்லோருக்கும் அக்கறை. வந்தவுடன் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளக் கை நீட்டினார்கள். இரண்டு பேர், குழந்தை காலை விரித்து உட்கார்ந்து ஓட்டும் வாக்கர் வாங்கி வந்தார்கள். இப்படிக் கட்டிவைத்தால் கால் சூம்பிவிடும், ராத்திரியில் கொஞ்சம் தளர்த்திவிடு என்று என் மனைவிக்கு யோசனை சொன்னார்கள். "புரட்டிப் படுக்க வைக்கணும், காலை ஒரு கை பிடிங்களேன்" என்று அவள் கேட்டதும், சிறுநீர்க் குழாயை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்துவிட்டு வந்தது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

உதவிக்கு வந்தவர்கள் அதே மாடியில் எங்களுக்கு எதிர் அறையில் குடியிருந்த பையன்கள். தெற்கிலிருந்து வந்து கார்த் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டிலும் பிரிந்து வேலை செய்தவர்கள். எந்த நேரத்திலும் ஒருவனாவது அறையில் இருப்பான்.

"அக்கா, நீங்க தலையப் பிடிங்க. கால நான் பாத்துக்கிடுதேன்" என்றான் ஒருவன். "அங்க முன்கண்ணாடிய இப்படித்தான் ரெண்டு பேரு தூக்குதோம். என்ன, அது அழாது."

இது கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் கண்ணில் பட்டது.

"இன்னா சார், பேப்பர்காரரு நீங்க, உங்களுக்கே தெரிய வாணாமா? பேச்சுலர் பசங்க உங்க வூட்டுக்குள்ள வந்துகினு போய்கினு கீறானுங்க. நாலு பேர் இன்னா சொல்லுவாங்க?"

"புள்ளையத் தூக்க ஆள் வேணும்மா."

"அதுக்கு ஒரு பொம்பளைய வெச்சிக்கிறது."

"நீங்க வர்றீங்களா?"

"எனக்கு இடுப்புப் புடிப்பு சார்."

அன்றே பையன்களைக் கூப்பிட்டு, இனி எங்கள் வாசல்படி ஏறினால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வரவில்லை. நான் வெளியே போயிருக்கும் நேரமெல்லாம் பிள்ளை ஒரே வாக்கில் மல்லாந்து கிடந்தான். முதுகு சிவக்க ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம், பையன்கள் மறுபடி வந்திருக்கிறார்களா என்று பார்க்க அந்த அம்மா மேலே ஏறி வந்தார். அவர் வாசலில் நின்ற நேரம் பிள்ளை பாலைக் கக்கினான். மூச்சடைக்காமல் இருக்க உடனே ஒருக்களிக்க வைக்க வேண்டும். என் மனைவியின் இரண்டு கையும் தலையிலும் முதுகிலும் இருந்தன.

"காலைச் சேத்துப் பிடிங்க. விரிஞ்சா தையல் போயிரும்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை.

நான் படியேறி வந்தபோது வீட்டுக்கார அம்மா தரையில் முட்டிபோட்டு, பிள்ளையின் காலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தபடி இருந்தார். சிறுநீர்க் குழாய் அவருடைய புடவை மேல் கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"சார், இன்னா ஆச்சுன்னு பாரு சார். பிரிஞ்சிடுச்சா?"

கட்டைப் பார்த்தேன். நகரவில்லை.

மறுநாள் காலையில் அவர் குரல் எதிர் அறை வாசலில் கேட்டது. "எவன்டா இன்னிக்கு நைட் ஷிஃப்ட்? அப்ப பகல்ல இன்னா வேலை உனக்கு? போ, சார் வூட்டுக்குப் போ. முட்டியாண்ட புடிக்காத, தொடையோட சேத்துப் புடி." எங்கள் வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு மேற்பார்வையைத் தொடங்கினார். அந்த நாலு பேர் என்ன சொன்னார்கள் என்று பிறகு அவர் விசாரிக்கவேயில்லை. மூன்றாவது வாக்கரோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். டாக்டர் இந்த அம்மாவை நம்பித்தான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியதாகத் தெருவில் ஒரு செய்தி பரவியிருந்தது. யார் கொடுத்த செய்தி என்று தேட எனக்குப் பத்திரிகை அனுபவம் தேவைப்படவில்லை.

கட்டு அவிழ்க்கும் நாளில் அவரும் எங்களோடு சென்னைக்கு வந்தார். டாக்டர் துணியை வெட்டி எடுத்தார். அடிவயிற்றுத் தையலை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா சேர்ந்திருக்கு" என்றார் டாக்டர்.

பிள்ளை சில நிமிடம் கால்களை ஒட்டியே வைத்திருந்தான். பிறகு ஒன்றை மட்டும் மேலே தூக்கினான். வீட்டுக்கார அம்மா பாய்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தார்.

"விடுங்கம்மா, உதைக்கட்டும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கார அம்மா உடனே விடவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகு விட்டார்.