சின்னம்மா மூடிய கடை

மூங்கில் கூடையின் மூடியைத் திறந்ததும் முதலில் ஆவி மட்டும்தான் தெரிந்தது. அது விலகிய பிறகு, வாழையிலைத் துண்டின்மேல் நான்கு கொழுக்கட்டைகள் இருந்தன. மேல்மாவு அத்தனை மெல்லியது. உள்ளே சுருண்டு கிடந்த இறாலின் இளஞ்சிவப்பு அதன் வழியாக வெளியே தெரிந்தது. நான் அவசரமாகக் கையை நீட்டினேன். சின்னம்மா என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டி, "சுடும். ஊது. பெறகு தின்னு" என்றாள். அவளுடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். சின்னச் சின்னத் துண்டுகளாக, இடையில் எதுவும் ஒட்டாமல். 1978ஆம் ஆண்டு, ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய சந்தில் அந்தக் கடை திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

சின்னம்மா என் சித்தப்பாவின், அதாவது என் அய்யாவுடைய தம்பியின், மனைவி. சித்தப்பா பதினெட்டு வயதில் ஒரு ஜவுளி வியாபாரியுடன் கப்பலேறி சைகோனுக்குப் போனவர். துணிக்கடையில் வேலை பார்த்து, அங்கேயே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுடைய அம்மா சீனத்தி, அப்பா வியட்நாம்காரர். அந்த அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தியிருக்கிறார்கள். சண்டை முடிந்து ஊர் கைமாறியதும் நம்மவர்களின் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சித்தப்பா இரண்டு பெட்டிகளோடும் அவளோடும் விமானத்தில் மதராசுக்கு வந்து, அங்கிருந்து திருப்புல்லாணிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு பெட்டியில் துணிமணி இருந்தது. மற்றதில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மூங்கில் கூடைகள். ஊர்ப் பெண்கள் வேலி ஓரம் நின்று அவள் கண்களைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் அவள் காதுபடவே பேசினார்கள். ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பா டவுனுக்குக் குடிபோனார். அவருக்குத் துணி அளக்க மட்டும்தான் தெரியும். சமைக்கத் தெரிந்தவள் அவள். அதனால்தான் கடை.

நான் அப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை அரைநாள். வேலை முடிந்ததும் நேராகச் சந்துக்குப் போவேன். ஒரு பெண் தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கணவனோடு போனால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சின்னம்மா என்னை வாசலைப் பார்த்த மேசையில் உட்கார வைப்பாள். எலும்பும் பட்டையும் அன்னாசிப்பூவும் சுட்ட இஞ்சியும் போட்டு விடியற்காலையிலிருந்து கொதித்த சாறு, அதில் நாடா நாடாவாக அரிசிச் சேமியா, மேலே புதினாவும் பச்சை வெங்காயத் தாளும். பப்பாளிக்காயை மெல்லிசாகச் சீவி, எலுமிச்சையும் மிளகாயும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்து ஒரு தட்டு. கூடைகளில் விதவிதமான கொழுக்கட்டைகள். எல்லாவற்றிலும் மீன்தண்ணி கொஞ்சம் சேரும். நெத்திலியையும் உப்பையும் ஜாடியில் அடைத்து மொட்டை மாடியில் மாதக்கணக்கில் வெயிலில் வைத்து அவளே இறக்கிய தெளிவு அது. நெத்திலி கொண்டுவந்து தருபவர் தங்கச்சிமடத்துப் பெண் ஒருவர். நாங்கள் அவரை நெத்திலிக்காரம்மா என்போம். அவர் ஒருவர்தான் அந்த ஜாடியை முகர்ந்து பார்த்து, "நல்லாக் கனிஞ்சிருக்கே" என்று சொன்னவர். ஒரு மணிநேரம், அந்த மேசையில், நான் வேலைக்குப் போகிற, பசித்த, மரியாதைக்குரிய ஒரு மனுஷி. அந்த உணர்வை எனக்கு வேறு யாரும் அதுவரை தந்ததில்லை.

கடைக்கு ஆள் வந்தது. கோர்ட்டு குமாஸ்தாக்கள் வந்தார்கள், கடற்கரை ஊர்களிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வந்தார்கள், எங்கள் வக்கீலே வந்தார். யாராக இருந்தாலும் அவள் "நீ" என்றுதான் கூப்பிடுவாள். வக்கீல் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் ஊர்வாய் இன்னொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தது. சைனாக்காரி தவளை போடுகிறாள், நாய் போடுகிறாள், மாடி ஜாடியில் என்ன ஊறுகிறது என்று யாருக்குத் தெரியும். சித்தப்பா இறாலையும் ஆட்டெலும்பையும் வாசலில் வைத்தே சுத்தம் செய்யச் சொன்னார். பேச்சு கொஞ்சம் அடங்கியது.

அடுத்த வருடம் எனக்குச் சிக்கல் என்ற ஊரில் சம்பந்தம் முடிவானது. நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். பேசி முடிக்க வந்த அன்று, என் மாமியார் ஆகப்போகிறவர் அய்யாவிடம், "பொண்ணு அந்தச் சைனாக்காரி கடைக்குப் போவாகளாம்ல. இனி அதெல்லாம் வேணாம். எங்க சனத்துக்கு ஒத்துக்காது" என்றார். அய்யா என்னைப் பார்த்தார். "போகமாட்டேன்" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். கல்யாணத்தன்று சின்னம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சமையல் பக்கம் அவளை யாரும் விடவில்லை.

கல்யாணமாகி ஐந்தாறு மாதம் இருக்கும். பிறந்த வீட்டுக்கு வந்து திரும்பும்போது ராமநாதபுரத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணிநேரம். கால்கள் தாமாகவே சந்துக்குள் நடந்தன. சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை, இடுப்பை, மறுபடி முகத்தை. பழைய மேசையில் உட்கார வைத்து, சாறும் இறால் கொழுக்கட்டையும் வைத்தாள். பப்பாளிக்காய்த் தட்டைக் கேட்டேன். "ஒனக்கு இன்னைக்கு அது வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். இன்னும் இரண்டு கொழுக்கட்டை வைத்தாள். இறால் காலையில் வந்தது. அவள் அதை உரிப்பதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

பஸ்ஸிலேயே வாந்தி வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடியும். மாமியார் என் தலையைப் பிடித்துக்கொண்டார். சேலையில் மீன்தண்ணி வாடை அடித்தது. "ஏத்தா, என்னத்தத் தின்ன? நெசத்தச் சொல்லு" என்றார். போகமாட்டேன் என்று சொன்னவள் போயிருக்கிறேன். அந்த ஒரு குற்றத்திலிருந்து தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த நிமிஷம் என் மனதில் இருந்தது.

"சின்னம்மா வழியில பாத்து இழுத்துட்டுப் போயிட்டாக அத்தை. சாப்பிடு சாப்பிடுன்னு எலையில வச்சுட்டாக. என்ன கறின்னு கேட்டேன். சொல்லல."

அது கர்ப்ப வாந்தி என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. வீட்டில் சந்தோஷம். நான் சொன்ன பொய் அதில் அமுங்கிப்போனது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கரு கலைந்தது. முதல் மாதங்களில் இப்படி ஆவதுண்டு, காரணம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். மாமியாருக்குக் காரணம் தேவைப்பட்டது. அவரைக் கொடுமைக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நாள் என் கட்டிலைவிட்டு அவர் நகரவில்லை. கஞ்சியை ஊதி ஊதிப் புகட்டினார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அழுதார். நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பப்பாளிக்காயை அவள் ஏன் தரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கே தெரியாத கர்ப்பத்தை அவள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டு காபந்து செய்திருக்கிறாள்.

சாயங்காலம் மாமியார் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது. "மத்தியானக் கூட்டத்துல வச்சே கேட்டேன். எம் மருமக கேட்டும் என்ன கறின்னு நீ சொல்லலயாமே, நெசமாடின்னேன். ஆமாங்குறா. நாந்தான் சொல்லலன்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டாத்தா" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து கைகழுவினார்களாம். இதை அய்யா பிறகு சொன்னார். மறுநாள் கடையில் ஈ, காக்கைகூட இல்லை. கட்டடத்துச் சொந்தக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் கடை மூடப்பட்டது. சித்தப்பா ஊருக்கே திரும்பிப் படுக்கையில் விழுந்தார். இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. அவர் இறந்தபோது நான் நிறைமாதம். நிறைமாதக்காரியைச் சாவு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. காரியம் முடிந்த மறுவாரமே சின்னம்மாவை நெத்திலிக்காரம்மா வந்து தங்கச்சிமடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சைகோனில் சின்னம்மா மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அங்கே அதுவாவது இருக்கும் என்று அய்யா சொன்னார்.

அவள் ஏன் ஆமாம் என்று சொன்னாள்? இதை எனக்குள் எத்தனையோ முறை கேட்டுக்கொண்டு, எனக்கு நானே ஒரு பதிலையும் தயாரித்து வைத்திருந்தேன். அவளுக்குத் தமிழ் சரியாக வராது. மாமியார் கேட்டது புரிந்திருக்காது. ஏதோ ஒன்றுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன், வளர்த்தேன், நன்றாகத் தூங்கினேன்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு குடும்பத்தோடு ராமேஸ்வரத்துக்கு முழுக்குப் போட பஸ்ஸில் போனோம். திரும்பும்போது, பின்னால் வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் தங்கச்சிமடத்தில் இறங்கினேன். விசாரித்து விசாரித்து ஓர் இறால் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஈரத் தரையில் வரிசையாகப் பெண்கள் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி எல்லார் விரல்களும் வெளுத்திருந்தன. கடைசியில் அவள். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாரியா" என்றாள், நேற்றுப் பார்த்தவள்போல. "நிக்காத, தண்ணி. இங்கன ஒக்காரு."

உட்கார்ந்தேன். "சின்னம்மா, அன்னைக்கு வீட்ல நா ஒங்களப் பத்தி..."

"தெரியும்."

"அத்தை கேட்டது ஒங்களுக்கு வெளங்கலயா? ஏன் ஆமான்னு சொன்னீக?"

அவள் கை நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை உருவி, அடுத்தது. "வெளங்குச்சு. ஒங்க மாமியா நல்லாத்தான் கேட்டா. நா இல்லன்னு சொன்னா, நீ பொய்க்காரி. புள்ளையும் போச்சு. பொய்க்காரின்னா அந்த வீட்ல எப்பிடி இருப்ப? அதான் ஆமான்னேன்."

அடுத்த இறாலை எடுத்துக்கொண்டே சொன்னாள். "கடை போனாப் போகுது. நீ வருவன்னு பாத்தேன். ஒங்க சித்தப்பா கெடந்தப்ப பாத்தேன். செத்தப்பப் பாத்தேன்." ஒரு இறாலை உரித்து முடித்தாள். "வரல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். "பஸ் போயிரும், போ" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலை இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது போய் வந்தேன். கொண்டுபோனதை வாங்கிக்கொள்வாள். பிள்ளைகளை விசாரிப்பாள். ஒருமுறை தயங்கித் தயங்கி, கொழுக்கட்டை செய்து தருகிறீர்களா என்று கேட்டேன். "மறந்துபோச்சு" என்றாள். அந்தக் கைகளுக்கு அது மறந்திருக்க முடியாது. மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நினைப்பேன். சிக்கல் வருவதற்குள் அந்த நினைப்பு வடிந்துவிடும். மாமியாரும் போய்ச் சேர்ந்தார்.

நான்கு வருடத்துக்கு முன்பு, காலையில், தங்கச்சிமடத்து மாதா கோயிலிலிருந்து போன் வந்தது, சின்னம்மா இறந்துவிட்டாள் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் வைத்து வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்த உறவென்று யாரும் இல்லாததால், சொந்தம் என்று என்னைத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நெத்திலிக்காரம்மாவின் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா இறந்து நெடுநாளாகியிருந்தது.

"ராமநாதபுரத்துல பெரிய சமையக்காரியா இருந்தாகளாமே. எங்களுக்கு ஒரு நா ஆக்கிப் போட்டதில்ல. கடைய ஏன் மூடுனாகன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டுப் பாத்தாக, வாயே தொறக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேக்கா?" என்று கேட்டார்.

சொன்னேன். முதல் முறையாக ஒரு மனிதரிடம், எதையும் விடாமல், நான் சொன்ன பொய்யை அதே வார்த்தைகளில் சொன்னேன். சுற்றி இருந்தவர்களும் கேட்டார்கள். ஜெபமாலை நின்றுபோயிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் எழுந்து, பெட்டியின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். சற்றுப் பொறுத்து ஜெபம் மறுபடி தொடங்கியது.

கல்லறைத் தோட்டத்தில், சொந்தக்காரர்கள் முதலில் மண் போடலாம் என்று சாமியார் சொன்னார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். இறால் கொட்டகைப் பெண்கள் குழியைச் சுற்றித் தோளோடு தோளாக நின்றார்கள். யாரும் விலகவில்லை. நெத்திலிக்காரம்மாவின் மகள் குனிந்து முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டார். அவர்கள் எல்லாரும் போட்டு முடித்து, கைகளைத் தட்டிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது. அப்போது பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. மண்ணின்மேல் மண்ணைத்தான் போட்டேன்.