ருகாயாவுக்குச் சிரிப்பு வந்த வியாழக்கிழமை

ருகாயா பிந்தி செனாவி பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர். கோலாலம்பூரில், எங்கள் அலுவலகத்தின் பதினோராம் மாடியில், எந்தப் பத்திரம் இஸ்லாமிய மார்க்கத்துக்கு ஏற்றது, எது இல்லை என்று அறிஞர்கள் வாதாடும் அறையில் ஓரத்து நாற்காலி அவருடையது. யார் எதைச் சொன்னாலும் எழுத வேண்டும். தான் ஒன்றும் சொல்லக் கூடாது. வெளியே வந்தால் ஐந்து நிமிடம்கூட அவர் வாயை மூட முடியாது. பக்கத்து நாற்காலியில் ஆங்கில நகல் தட்டியவள் நான்.

அந்த வாரம் சுகுக் பத்திரங்களுக்குப் புது விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். வட்டி ஆகாது என்பதால், பணம் தேவைப்படும் நிறுவனம் தன் கட்டடத்தை முதலீட்டாளர்களுக்கு விற்கும்; பிறகு அதையே வாடகைக்கு எடுத்து வாடகை கொடுக்கும். அந்த விற்பனை காகிதத்தில் நடந்தால் போதுமா, நிஜமாகவே கைமாற வேண்டுமா? எங்கள் தலைவர் உஸ்தாஸ் தர்மிஸி, "காகிதமே போதும்" என்றார். பஹ்ரைனிலிருந்து வந்திருந்த ஷேக் ஜாபர் ஒப்பவில்லை. மலாய்ப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் மலாயிலேயே சண்டை போட்டார்.

"வித்தாச்சுன்னா சாவி யாருகிட்ட இருக்கு? அதைச் சொல்லுங்க உஸ்தாஸ்!"

"சாவியை வச்சு என்ன பண்றது ஷேக்? ஆயிரம் பேரு சேர்ந்து வாங்கியிருக்காங்க. ஆளுக்கொரு சாவி வெட்டவா?"

மூன்று நாள் இதேதான். வியாழக்கிழமை, உதாரணத்துக்கு ஒன்றைப் பார்ப்போம் என்று ஒரு நிறுவனத்தின் வக்கீல் நோர்ஹிஷாமை அழைத்தார்கள். அவர் புது சுகுக்குக்காக விற்கப்போகும் கட்டடத்தின் படத்தைத் திரையில் காட்டினார். கிள்ளானில் ஏழு மாடிக் கார் நிறுத்துமிடம். பளபளவென்று பச்சைச் சாயம். பெயர், கெமிலாங் வளாகம்.

ருகாயாவின் விரல்கள் நின்றன. தோள் குலுங்கத் தொடங்கியது. "தேவி, என்னைப் பிடிச்சுக்கோ" என்று என் முழங்கையைக் கிள்ளினார். அடுத்த நொடி அந்த அமைதியான அறையில் ஒரு கெக்கெக்கென்ற சிரிப்பு வெடித்தது.

"காக் ருகாயா, உடம்பு சரியில்லையா?" என்றார் உஸ்தாஸ். மலாயில் 'காக்' என்றால் அக்கா.

"மன்னிச்சுக்குங்க உஸ்தாஸ். இதை ஏப்ரல்லயே வித்தாச்சே!"

நோர்ஹிஷாம் முகம் சிவந்தார். "அது மெலாத்தி வளாகம். வேற கட்டடம். குறிப்பு எழுதறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"தம்பி, என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நாங்க அங்கதான் வண்டி நிறுத்தினோம். படத்துல கீழ பாருங்க, குச்சியில கோழி வாட்டற சாத்தே கடை. பலகையில கோழிக்கு மூணு காலு! ஏப்ரல்ல காட்டின படத்துலயும் அதே கோழிதான். நீங்க சுவருக்குச் சாயம் அடிச்சீங்க, கோழியை மறந்துட்டீங்க. மூணு லிஃப்ட்டுன்னு வேற எழுதியிருக்கீங்க. ஓடறது ஒண்ணுதான்!"

நான் அலமாரிக்கு ஓடி ஏப்ரல் கோப்பைக் கொண்டுவந்தேன். நில எண் ஒன்றே. முன்பு வாங்கியவர்களுக்கு நிறுவனம் இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தவர் ஷேக். சிரிப்பில் அவர் தலைத்துணி சரிந்தது. "ஒரே கோழியை ரெண்டு தடவை வித்திருக்காங்க!" என்று மேசையைத் தட்டினார். உஸ்தாஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நோர்ஹிஷாம் தன் காகிதங்களைத் தலைகீழாகப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். கோப்பு விசாரணைக்குப் போனது.

"சாவி கேட்டா பரிகாசம் பண்ணீங்க" என்றார் ஷேக்.

"காகிதம் போதும்னு இனிமே நான் சொன்னா என்னைக் கேளுங்க" என்றார் உஸ்தாஸ். பிறகு ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார். "காக், விதியை எப்படி எழுதலாம்? நீங்களே சொல்லுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ருகாயா எழுந்து நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "விக்கறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே வித்ததான்னு ஒரே பதிவேட்டுல பார்க்கணும். யாராவது நேர்ல போயும் பார்க்கணும்."

கொஞ்சம் மெருகேற்றி அதையே எழுதினார்கள்; உஸ்தாஸும் ஷேக்கும் கையெழுத்திட்டார்கள். குறிப்பில் சொன்னவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை ருகாயா காலியாக விட்டார். நான் எட்டி அவர் பெயரைத் தட்டிவிட்டேன், தகப்பன் பெயரோடு.

மாலையில் ரயிலுக்கு நடக்கையில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவருக்குப் போன் போட்டார்; 'பாங்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார். "பாங், நான் சட்டம் எழுதிட்டேன்! இல்லங்க, வெயில் தலைக்கேறல. நிஜமாத்தான்!" சொல்லச் சொல்லச் சிரிப்பு பீறிட்டது. எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் இருவரும் ஏறிவிட்டதை மூன்று நிலையம் தாண்டித்தான் கவனித்தோம்.