தாலிக்கொடியின் சுரையும் என் சுட்டுவிரலும்

கல்யாணத்துக்கு நாள் வைத்து, வெள்ளவத்தையில் மண்டபமும் பிடித்த பிறகுதான் நான் என் இடது சுட்டுவிரலை வெட்டிக்கொண்டேன். அதுவும் பெண் வீட்டில் வைத்து. பட்டர்புரூட் பழத்தின் கொட்டையைக் கத்திமுனையால் ஒரே குத்தில் எடுத்துக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வீரம் பேசினேன். கொட்டை அசையவில்லை. கத்தி வழுக்கி விரலின் அடியில் இறங்கியது. இரத்தத்தைக் கண்டு மாமியாராகப் போகிறவர் மயங்கிவிட, என்னைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாம் அவரைப் பிடிக்க ஓடினார்கள்.

விரலை மடக்கும் தசைநார் அறுந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதைத் தைத்து, விரல் முழுதாக நிமிர்ந்து தையலை இழுத்துவிடாதபடி புறங்கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். சொந்தக்காரர்களின் கவலை விரல் பற்றியதல்ல, தாலிக்கொடி பற்றியது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை முடிச்சுப் போடுவதில்லை. பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் பொன் கொடியின் சுரையை, அந்தச் சின்னஞ்சிறு திருகாணியை, திருகிப் பூட்டவேண்டும். விரல் மடங்காவிட்டால் அதைப் பிடிக்க முடியாது.

"நான் பூட்டிவிடுறன். நீ சும்மா கையை வைச்சுக்கொண்டு நில்" என்றாள் அக்கா. பல கல்யாணங்களில் அக்கா தங்கைமார் அப்படி உதவுவதுண்டு. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவிக்கு நான்தான் பூட்டுவேன் என்று கத்தினேன். அக்கா சிரித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: கையை ஆட்டாதையுங்கோ தம்பி. அம்மா என் கையைத் தலையணைமேல் வைத்துக் காவல் இருந்தார். ஆனால் கிளினிக்கில் பயிற்சி தரும் சிங்கள மிஸ், என்னைத் தம்பி என்று தன் மொழியில் கூப்பிட்டு, நேர்மாறாகச் சொன்னார்.

"மல்லி, மத்தக் கையால மெதுவா மடக்கணும். அடிக்கடி செய்யணும். சும்மா வைச்சா ஒட்டிப்போகும்."

"டொக்டர் தைச்சதை இந்தப் பிள்ளை பிய்க்கப் பாக்குது" என்று அம்மா வீட்டில் பொரிந்து தள்ளினார். அடுத்த தடவை நேரில் கேட்டுவிடுவதென்று கூடவே வந்தார்.

மிஸ் சண்டைக்கு வரவில்லை. அம்மாவின் வலது கையை அம்மாவின் இடது மணிக்கட்டிலேயே வைத்து, இடது விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். தோலுக்கடியில் நார்கள் ஓடுவது அம்மாவுக்கே தெரிந்தது. காயம் ஆறும்போது தழும்பு அந்த நாரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்றும், கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தால் அப்படிப் பிடிக்காது என்றும் மிஸ் விளக்கினார். "பாவாடைக்குள்ள நாடா ஒட்டினா இழுபடாதுதானே, அது மாதிரி" என்று அம்மா எனக்கு மொழிபெயர்த்தார். மிஸ் சொன்னதும் தமிழில்தான்.

அம்மா மனம் மாறினால் அரைகுறையாக மாறமாட்டார். மறுநாள் சமையலறையில் கூப்பிட்டு, துருவிய தேங்காய்ப்பூவை என் இடது கையில் அள்ளி வைத்தார்.

"நார் ஓடவேணும் எண்டு மிஸ் சொன்னவதானே. பிழி. சொதிக்குப் பாலும் ஆச்சு."

நானும் புத்திகெட்டுப்போய்க் கையைக் கிண்ணத்துக்கு மேலே நீட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பெண் வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரக்கூடாது என்பது பெரியவர்களின் கட்டளை. என் விரல்தான் அதை உடைத்தது. அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கிண்ணத்தைப் பறித்தாள்.

"மாமி, பாரம் குடுத்தா தைச்ச இடம் அறுந்துபோகும். மடக்கத்தான் சொன்னவ, பிழியச் சொல்லேல்ல. தாங்கோ, நான் பிழியிறன்."

அவள் எங்கள் வீட்டில் முதன்முதலில் செய்த சமையல் அந்தச் சொதிதான். உப்பு அதிகம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

காயம் நன்றாக மூடிய பிறகு தழும்பைக் கிறீம் பூசி அழுத்தித் தேய்த்தேன். விரல் ஒரு நாள் மடங்கும், மறுநாள் முரண்டு பிடிக்கும். நான் அதைத் திட்டாத திட்டில்லை. கல்யாணம் வந்தபோது அது முக்கால்வாசி மடங்கியது. உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. கொடியை அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். சுரை வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. ஐயர் என்னைப் பார்த்தார். தவில்காரர் வியர்க்க வியர்க்க அடித்துக்கொண்டிருந்தார். என் தோளுக்கு மேலால் அக்காவின் கை வந்தது.

குனிந்திருந்தவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "விடுங்கோ மச்சாள், அவர் பூட்டுவார். நான் ஒரு இடமும் ஓடிப்போகேல்ல."

மேளச் சத்தத்தில் அது எங்கள் மூவருக்கு மட்டும்தான் கேட்டது. அக்கா கையை எடுத்தாள். எனக்குக் கண் கலங்கி, சுரை கண்ணுக்கே தெரியவில்லை. விரல்தான் தடவிப் பிடித்துப் பூட்டியது.