மூக்கக்கா அடித்த பன்னிரண்டாவது மணி

எங்கள் தபால் பிரிக்கும் கூடத்தில் காற்றை மோந்து பார்க்கும் பெட்டி ஒன்று உண்டு. ஏதாவது உறையிலிருந்து விஷத்தூள் பறந்தால் அரை நிமிடத்தில் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். உடனே மணியடித்து எங்களை வெளியே விரட்டுவது அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் வேலை. அதனால் எங்களுக்கு அவர் மூக்கக்கா.

மூன்று வருடத்தில் பதினோரு முறை அடித்துவிட்டார். ஒரு முறை சுண்ணாம்புத் தூசி, ஒரு முறை பிரிண்டர் மைத்தூள், இரண்டு முறை மேலாளர் கழுத்தில் அப்பிக்கொண்டு வந்த பவுடர். விஷம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் சும்மா விடுவோமா? அக்கா தும்மினாலே பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடப்போம். எங்களோடு உறை பிரிக்கும் அவர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். பவுடர் கோபமோ என்னவோ, இன்னொரு வெட்டி மணி அடித்தால் பெட்டி கிடங்குக்குப் போய்விடும் என்று மேலாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

ஒரு வாரம் பெட்டி சாதுவாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் மதியம் அக்கா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் தூசி அளவு பூச்சியம். நாற்பது பேர் சாக்கு உதறும் இடத்தில் பூச்சியமென்றால் பெட்டிக்குக் கண் அவிந்துவிட்டது என்று அர்த்தம். மேலாளரின் கடிதத்தை நினைத்து ஒரு நொடி தயங்கினாராம். பிறகு மணியை அடித்தார்.

மழையில் போய் நின்றோம். தூசி இருந்தாலும் மணி, இல்லாவிட்டாலும் மணியா என்று முதலில் நக்கலடித்தவன் நான்தான்.

சோதனை ஆட்கள் பெட்டியின் காற்றுக்குழாயிலிருந்து ஒரு கைக்குட்டையை உருவினார்கள். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. மேலாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இதுவும் வெட்டி மணிக் கணக்குதான், பெட்டி கிடங்குக்குத்தான் என்றார்.

"என்னோடதுதான் சார்," என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

மேலாளர் கைக்குட்டையை அவரிடமே நீட்டினார். பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்காரர் அக்காவிடம், "எல்லாரும் உன்னக் கேலி பண்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்குத் தாங்கல," என்றார்.

அக்கா கைக்குட்டையை வாங்கிக்கொண்டார்.

"கேலி பண்ண எல்லாரும் உயிரோட இருக்காங்க, எனக்கு அது போதும். நான் சாப்பிடப் போன நேரத்துல ஏதாவது பறந்திருந்தா? நீங்க உள்ளதானே உக்காந்திருந்தீங்க?"